சபைக்குச் செத்தவன்

மேலேயிருந்து பார்த்தால் துரையின் உச்சந்தலையில் கோழிமுட்டை அளவுக்கு வழுக்கை விழத் தொடங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கெசியாவுக்குக் கிடைக்கிற காட்சி அது. மற்ற நாளெல்லாம் அவள் பார்ப்பது அவருடைய பூட்ஸைத்தான். ஜார்ஜியாவின் பருத்திக் காடுகளுக்கு நடுவே இருந்த அந்த மரக் கோயிலில் கீழே வெள்ளைக்காரர்கள் விசிறி ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேலே, கூரைச் சூடு நேராகத் தலையில் இறங்குகிற பலகை மாடியில், அவர்கள் விலை கொடுத்து வாங்கிய கறுப்பு ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். போதகர் நன்றியுணர்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நல்ல குரல்தான், கணீரென்றுதான் வருகிறது, ஆனாலும் கெசியாவின் காது வரை வந்து வாசலில் நின்றுவிடுகிறது. அடிவயிற்றிலிருந்து ஏதோ புரண்டு புரண்டு தொண்டைக்கு ஏறியது. முந்தானை மாதிரி இழுத்துச் செருகியிருந்த மேல்துணியின் மூலையில் ஓடைக்கரையிலிருந்து எடுத்து வந்த வெள்ளைக் களிமண் கட்டி இருந்தது. விரலால் ஒரு துளி கிள்ளி நாக்குக்கடியில் வைத்துக்கொண்டாள். ஃபீபி வயிற்றிலிருந்தபோதும் இதே மண், இதே குமட்டல். அந்த ஃபீபி இப்போது விலாவில் சாய்ந்துகொண்டு, உத்தரத்தில் கூடு கட்டும் குளவியை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். இவளை இன்றைக்குக் கூட்டி வந்திருக்கக் கூடாது, சமையல்கட்டில் யாரிடமாவது விட்டுவிட்டு வந்திருக்கலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டி வராமல் இருக்க என்ன காரணம் சொல்வது? பிரசங்கம் முடியும். போதகர் தண்ணீர் குடிப்பார். அப்புறம் மூப்பர் ட்ரூரி எழுந்து கெசியாவின் பெயரைச் சொல்வார். அவள் எழுந்து நின்று, தன் புருஷன் மிங்கோ செத்துப்போனான் என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். சொன்னால்தான் ஐஷமை அவளுக்குக் கட்டிவைப்பார்கள்.

ஆண்டவரே, அவன் சாகவில்லை என்று உமக்குத் தெரியுமே. இல்லை, அதுவும் எனக்குத் தெரியாது, செத்தும் போயிருக்கலாம், எப்படியென்று உமக்கு மட்டும்தான் தெரியும், என்னைப் போய்க் கேட்கிறார்களே. மூப்பர் ட்ரூரி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வயலோரத்தில் வந்து நின்று எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லியிருந்தார். அவரும் அடிமைதான், சபையின் கறுப்பு ஜனங்களுக்கு மூப்பர், போதகர் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவர் வாயால்தான் கேட்பார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் களைக்கொத்தைப் பார்த்தபடி பேசினார். "கெசியா, கேக்குறப்ப தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாதம்மா. தெரியாதுன்னா விசாரிக்கணும்னு ஒத்திவைப்பாங்க. விசாரணை எப்ப முடியும்னு எவனுக்கும் தெரியாது. வித்து, எட்டாத சீமைக்குக் கொண்டுபோயிட்டா அந்த ஆளு சபைக்குச் செத்தவன். அப்படித்தான் தீர்மானம் போட்டிருக்காங்க." "பொய் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க மூப்பரே?" அவர் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "இது பொய் இல்லம்மா. தீர்மானம்." அதற்குமேல் அவரால் முடியவில்லை போல, தோள்பட்டையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவருடைய பெண்சாதியும் ஒரு காலத்தில் சபைக்குச் செத்துப்போனவள்தானாம். அவர் மறுபடி கட்டிக்கொள்ளவில்லை. ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்டு என்ன ஆகப்போகிறது, அவர் ஆண்பிள்ளை, அவர் வயிற்றில் ஒன்றும் வளரவில்லை.

"ஏண்டி, மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு, கீழ போயி அவுங்களோட உக்காரப் போறியா?" பக்கத்திலிருந்த சூக்கி அக்கா உதடு அசையாமல் கிசுகிசுத்தாள். உதடு அசையாமல் பேசுவதில் அவளை மிஞ்ச அந்தப் பண்ணையில் ஆள் கிடையாது. கெசியாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்போடு குமட்டலும் வந்து, இரண்டையும் சேர்த்து விழுங்கினாள். "அக்கா, எனக்கு வாய் வராது போலிருக்கு." "வரும். முதல் தடவைதான் தொண்டையில மாட்டும். எனக்கு மூணு புருஷன் செத்துட்டாங்க, ஒருத்தனையாவது பொதைச்சிருக்கேனா? மூணு தடியனும் எங்கேயோ நல்லா மொச்சைக்கொட்டை தின்னுக்கிட்டு இருப்பானுங்க." சொல்லிவிட்டு முகத்தைப் பக்தியோடு போதகர் பக்கம் திருப்பிக்கொண்டாள், அவர் சொல்வதெல்லாம் தனக்காகவே சொல்வது போல ஒரு தலையாட்டல் வேறு. ஆனால் மடியில் கிடந்த அவள் கைகள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டே இருந்ததைக் கெசியா பார்த்தாள். மூன்று பேர். மூன்று தடவை இந்தப் பலகையில் எழுந்து நின்றிருக்கிறாள். முதல் ஆளைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவன் பெயரைச் சொல்வதில்லை, உயரமானவன் என்பாள். உயரமானவன் இருந்திருந்தால் அந்தக் கதவை நிமிர்த்தியிருப்பான், உயரமானவனுக்கு இந்தப் பாட்டுப் பிடிக்கும். எனக்கும் இப்படித்தான் ஆகுமோ, மிங்கோ என்கிற பெயர் வாய்க்குள்ளேயே தேய்ந்து தேய்ந்து, சிரிக்கிறவன் என்று மிச்சமாகுமோ.

சிரிக்கிறவன்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பண்ணை அவனுடையது, அவனுடையது என்றால் அவனை வைத்திருந்தவருடையது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்து வருவான், ஓடையைத் தாண்டும்போது பூட்ஸ் நனைந்துவிடும், குடிசைக்குள் வரும் முன்னாலேயே அந்தச் சளக் சளக் சத்தம் வந்துவிடும், அதற்கும் முன்னால் சிரிப்பு வந்துவிடும், வழியில் யாரையாவது வம்புக்கு இழுத்துவிட்டுத்தான் வருவான். பூட்ஸை அடுப்புப் பக்கத்தில் கவிழ்த்து வைப்பது அவள் வேலை. காய்கிற தோலின் நாற்றம் வீடு முழுக்கப் பரவும், மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டுவாள், ஞாயிறு சாயங்காலம் அவன் போனபிறகு அந்த நாற்றம் போய்விடக் கூடாது என்று கதவைத் திறக்காமல் இருப்பாள். கல்யாணம் மிங்கோவின் துரை வீட்டுக் கொல்லையில், பெக்கான் மரத்தடியில் நடந்தது. இந்தப் போதகர்தான், அப்போது இவருக்கு நரை இல்லை. மரணமோ தூரமோ உங்களைப் பிரிக்கும்வரை என்று சொல்லச் சொன்னார். வெள்ளைக்காரர் கல்யாணத்தில் மரணம் மட்டும்தான் உண்டு என்று அப்போதே அவளுக்குத் தெரியும், பரிமாறப் போன இடத்தில் கேட்டிருக்கிறாள். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டாள். மிங்கோ சொல்லவில்லை. "எவ்வளவு தூரம் ஐயா?" என்று கேட்டான். வந்திருந்த சனமெல்லாம் குபீரென்று சிரித்தது, துரைசானிகூடக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள், மாப்பிள்ளை ஏதோ குறும்பு பண்ணுகிறான் என்று நினைத்தார்கள். அவன் சிரிக்கவில்லை. எப்போதும் சிரிக்கிறவன் அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை. அவன் கை தன் கையை எலும்பு நொறுங்குகிற மாதிரி பிடித்திருந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். போதகர் இருமினார், அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார். ஐயா, இப்போதாவது சொல்லுங்கள், எந்த ஆற்றைத் தாண்டினால், எந்த மலையைத் தாண்டினால் ஒரு மனுஷன் செத்தவன் ஆகிறான்? தாண்டும்போது அவனுக்குத் தெரியுமா? இதோ இங்கேதான் செத்தேன் என்று உள்ளங்காலில் ஏதாவது குத்துமா?

கீழே ஒரு குழந்தை அழுதது, தாதி எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கதவு திறந்த நேரத்தில் சில்லென்று ஒரு வீச்சுக் காற்று மேலே ஏறி வந்து உடனே நின்றுபோனது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்தச் சனிக்கிழமையும் காற்று இப்படித்தான் விட்டு விட்டு அடித்தது. மக்காச்சோள ரொட்டி சுட்டிருந்தாள், கொழுப்புத் துண்டு போட்டுக் கீரை கடைந்திருந்தாள், அவனுக்குத் தனியாக எடுத்து மூடி வைத்திருந்தாள். பொழுது சாய்ந்தது, வரவில்லை. அடுத்த பண்ணையில் அறுப்பு முடிந்து பிடில் வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள், ஆட்டமென்றால் இவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை நினைவிருக்காது என்று நினைத்துக்கொண்டாள், நினைக்க நினைக்க ஆத்திரம் ஏறியது. மூடியைத் திறந்து அவன் பங்கையும் தானே தின்றாள். நன்றாகவே ருசித்துத் தின்றாள், கடைசித் துண்டால் சட்டியைத் துடைத்து, விரலையும் நக்கினாள். வரட்டும், பட்டினி கிடக்கட்டும். மறுநாள் கோயிலில், இதே மாடிப் படியில், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆள் ஒருத்தர் சொல்லித்தான் தெரியும்: அவர்கள் துரை இறந்து, சொத்தைப் பங்கு பிரித்து, அந்த வாரத்து நடுவிலேயே ஒரு கூட்டத்தைச் சங்கிலியில் கோத்து மேற்கே மிசிசிப்பி பக்கம் நடத்திக்கொண்டு போய்விட்டார்கள், மிங்கோவும் அதில் ஒருத்தன். அவள் ரொட்டி சுட்டபோது அவன் எங்கே நடந்துகொண்டிருந்தானோ. அழுகை எல்லாம் அழுது தீர்ந்து போனது, துக்கம்கூடப் பழகிய வேலை மாதிரி ஆகிவிட்டது, ஆனால் அந்தச் சட்டியைத் துடைத்தது மட்டும் போகவில்லை. ரொட்டி வாசனை வந்தாலே போதும். அவனைத் தின்றுவிட்டது போல. இன்றைக்கு எழுந்து நின்று அந்த வார்த்தையைச் சொன்னால் அது இன்னொரு தடவை தின்பதில்லையா?

மாடியிலேயே ஆண்கள் பக்கத்தில், மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் ஐஷம் உட்கார்ந்திருந்தான். கெசியா திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டியதும் இல்லை, அந்த அகலமான முதுகு அங்கே இருப்பது அவளுக்குக் கன்னத்தில் படும் வெயில் மாதிரி தெரிந்தது. கோவேறு கழுதை ஓட்டுகிறவன். கழுதைகளோடு பேசுவதில் பாதி மனுஷரோடு பேசமாட்டான். அவன் பெண்சாதி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள், அவளைத் தன் கையாலேயே குழி தோண்டிப் புதைத்தவன், அவனுக்கு யாரிடமும் எதையும் சொல்லி நிரூபிக்க வேண்டியதில்லை. பருத்தி வரிசையின் முனையில் தண்ணீர்ப் பீப்பாய் வண்டியை நிறுத்தும்போது எப்போதும் கெசியாவின் வரிசைக்கு நேராகத்தான் நிற்கும். கழுதை அங்கேதான் நிக்குது, நான் என்ன பண்ண என்பான். ஒருநாள் ஃபீபிக்கு உட்கார ஒரு சின்ன முக்காலி செய்து கொண்டுவந்து, ஒன்றும் சொல்லாமல் வாசலில் வைத்துவிட்டுப் போனான். ஒரு கால் கொஞ்சம் குட்டை, அவள் உட்காரும்போதெல்லாம் ஆடும், அதனால் ஃபீபிக்கு அதன்மேல் உயிர். எப்போது மனம் சாய்ந்தது என்று கெசியாவுக்கே தெரியவில்லை. சாய்ந்தது தெரிந்த நாளில் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது, ஓடைக்குப் போய் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அப்போதும் அவன்தான் வந்து கொஞ்சம் தள்ளி நின்று சொன்னான், "நீ அவரை மறக்க வேணாம் கெசியா. நான் அவரு எடத்துக்கு வரல. அவரு பக்கத்துல கொஞ்சம் எடம் இருந்தா போதும்." இப்படிப் பேசுகிறவனை என்ன செய்வது ஆண்டவரே, கல்லால் அடிப்பதா. துரை போன வாரம் சொல்லிவிட்டார், சபை சேர்த்துவைத்தால் சேர்த்துவைக்கட்டும், இல்லையென்றால் ஐஷமைப் பருத்தி எடுப்புக்கு முன்னாலேயே தன் தம்பியின் பண்ணைக்கு அனுப்பிவிடுவாராம், அது அலபாமாவில். அவளுக்கு வேறு ஒரு ஆளைப் பார்த்துக் குடிசைக்குள் விடுவாராம். ஆக, மிங்கோ உயிரோடு இருக்கிறான் என்று நான் சொன்னால் ஐஷம் செத்துப்போவான். இந்த வயிற்றுப் பிள்ளைக்குப் பேர் சொல்லத் தகப்பன் இருக்கமாட்டான், தப்பு பண்ணினவள் என்று சபையிலிருந்தும் தள்ளிவைப்பார்கள். இந்தக் கொதிக்கிற பலகையில் இருக்கிற ஒரு சாண் இடம்கூட இருக்காது.

ஒரே ஒரு சொல். இதென்ன பெரிய காரியம், காற்றுத்தானே. ஆனால் காற்றில்தானே எல்லாமே நடக்கிறது, துரை வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் ஒரு குடும்பம் நான்கு திசைக்குப் போகிறது. சொன்ன அந்தக் கணத்தில் எங்கோ ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற மனுஷன் மாரைப் பிடித்துக்கொண்டு சரிந்தால்? இந்தப் பிள்ளை தினமும் படுக்கும் முன்னால் முட்டி போட்டுக் கேட்கிறதே, அப்பாவைப் பத்திரமாகப் பார்த்துக்கோ ஆண்டவரே, அவர் பூட்ஸ் நனையாமல் பார்த்துக்கோ என்று. ஒரே குடிசையிலிருந்து மகள் ஒன்று கேட்கிறாள், தாய் அவன் செத்தாயிற்று என்கிறாள், ஆண்டவர் எதைக் கேட்பார்? பெரியவள் சொன்னதையா, சின்னவள் சொன்னதையா? கெசியாவின் உள்ளங்கை வியர்த்து, களிமண் கசிந்து விரலில் பிசுபிசுத்தது. அப்போதுதான், இத்தனை நாளும் ஒரு தரம்கூட வராத ஒரு நினைப்பு, படியேறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது போல வந்தது. அங்கேயும் கோயில் இருக்குமே. அங்கேயும் இப்படி ஒரு பலகை மாடி, இப்படி ஒரு மூப்பர், இப்படி ஒரு தீர்மானம் இருக்குமே. அவனையும் எழுப்பி நிறுத்திக் கேட்டிருப்பார்களே. ஜார்ஜியாவில் விட்டுவிட்டு வந்த உன் பெண்சாதி என்ன ஆனாள்? செத்துப்போனாள் ஐயா. அப்படியானால் நான் என்றைக்கோ செத்தவள். இந்தக் கோடையிலோ போன கோடையிலோ, நான் களை கொத்திக்கொண்டிருந்தபோது, எனக்கே தெரியாமல் செத்திருக்கிறேன், ஒரு தலைவலிகூட வரவில்லையே. முதலில் ஆத்திரம்தான் வந்தது. அவளுக்கே வெட்கமாக இருந்தது, நெஞ்சுக்குள் ஒரு பூனை பிறாண்டியது, எவள் அவள், எப்படி இருப்பாள், அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாளா, அவன் சிரிப்பு அவளுக்குப் புரியுமா. சொல்லும்போது என்னைப் போலத் தயங்கினானா அவன், இல்லை சட்டென்று சொல்லிவிட்டானா. கொஞ்ச நேரம் போனது. போதகர் எதையோ மூன்றாவதாகச் சொன்னார். ஆத்திரம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை, அது இருந்த இடத்தில் ஓர் ஈரம் மட்டும் இருந்தது. யாராவது இருக்கட்டும். யாராவது ஒருத்தி அவன் வருவதற்கு முன்னால் அடுப்பை மூட்டி வைக்கட்டும். அவன் பங்கை அவள் தின்றுவிடாமல் இருக்கட்டும். தனியாகக் கிடந்து அவன் என்னை உயிரோடு வைத்திருக்க வேண்டாம், ஆண்டவரே, அவன் அவ்வளவு பாரம் தூக்க வேண்டாம். என்னைச் செத்தவள் என்று சொல்லியிருந்தால் மன்னித்துவிடும், நான் மன்னித்துவிட்டேன்.

போதகர் தண்ணீர் குடித்தார். மூப்பர் ட்ரூரி எழுந்தார், முழங்கால் கடக்கென்றது மாடி முழுக்கக் கேட்டது. "சகோதரி கெசியா." எழுந்தாள். ஃபீபியின் தலை அவள் விலாவிலிருந்து நழுவியது. கீழே முகங்கள் அண்ணாந்தன, துரையின் வழுக்கை மறைந்து முகம் வந்தது. "உன் புருஷன் மிங்கோ என்ன ஆனார்?" மூப்பர் அவளைப் பார்க்கவில்லை, அவள் தலைக்கு மேலே எங்கோ பார்த்துக் கேட்டார். சூக்கி அக்கா சொன்னது சரி, தொண்டையில் மாட்டியது. அவள் களிமண்ணை விழுங்கினாள். "செத்துப்போனார் ஐயா." ஒன்றும் ஆகவில்லை. உத்தரத்தில் குளவி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது, கீழே யாரோ தும்மினார்கள். சபை ஏற்றுக்கொள்கிறது, இந்தச் சகோதரி விதவை, இவள் மறுபடி கல்யாணம் செய்யத் தடையில்லை என்று போதகர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஐஷமை எழுந்து அவள் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார். ஐஷம் எழுந்தான். நடந்து வரவில்லை. எழுந்த இடத்திலேயே நின்று, கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறக்காமல் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு முனகலை எடுத்தான், தாழ, மிகத் தாழ. அவர்கள் குடிசைகளில் யாராவது செத்தால் அப்படித்தான். செத்தவர் வீட்டு ஆண்பிள்ளை ஒருத்தன் முதல் குரல் எடுக்க வேண்டும், அவன் எடுக்காமல் வேறு யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அதுவரை அந்த ஆத்துமா வழி தெரியாமல் வாசலிலேயே நிற்கும் என்பார்கள். மிங்கோவுக்கு இந்தப் பக்கத்தில் அண்ணன் தம்பி கிடையாது. கெசியாவுக்கு முதலில் புரியவில்லை, பிறகுதான் புரிந்தது. யாருடைய சாவு தனக்கு லாபமோ அந்த மனுஷனுக்கு ஐஷம் தம்பியாகி நிற்கிறான். ஆண்கள் பக்கத்தில் இன்னொரு குரல் சேர்ந்தது. பிறகு பெண்கள் பக்கம். சூக்கி அக்கா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு முனகினாள், மூன்று பேருக்குமாகவோ உயரமானவனுக்கு மட்டுமோ தெரியாது. மூப்பர் ட்ரூரி உதட்டைக் கெட்டியாக மூடிக்கொண்டு பார்த்தார், முடியவில்லை, அவர் குரலும் உடைந்துகொண்டு வந்தது. யாருமே மிங்கோவுக்காக மட்டும் அழவில்லை, விற்றுக் கொண்டுபோன தங்கள் ஆட்களுக்காகவும் அழுதார்கள். பலகையெல்லாம் அதிர்ந்தது, உள்ளங்கால் வழியாக ஏறியது. கீழே விசிறிகள் நின்றுவிட்டன. போதகர் கையை உயர்த்தினார், எதற்காக உயர்த்தினோம் என்று அவருக்கே தெரியாதது போல இறக்கினார். செத்தவனுக்காகத் துக்கப்படாதே என்று யாரால் சொல்ல முடியும், அவன் செத்தவன் என்று இப்போதுதானே அவரே ஒப்புக்கொண்டார். ஃபீபி அம்மாவின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள், இழுத்துக்கொண்டே இருந்தாள், அவளுக்கு இந்தப் பாட்டு எப்போது பாடுவார்கள் என்று தெரியும். "அம்மா. அம்மா. அப்பா செத்துட்டாரா?" கெசியா குனிந்து, பிள்ளையின் காதில் உதடு படும்படி சொன்னாள்.

"இல்லடி கண்ணு. உசுரோட இருக்காரு. நீ பாடு."